என்னைப் பற்றி அவரிடம் கேட்டார்கள்

டயாலிசிஸ் ஹாலில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஆண்களுக்குத் தலைமாட்டில் நிற்பார், பெண்களுக்குக் கால்மாட்டில் நிற்பார். இதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். கவனித்த பிறகு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஆண் என்றால் தோளில் கை வைத்து, "என்ன அண்ணாச்சி, தண்ணி கூடுதலா போயிருச்சோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். பெண் என்றால் கால்மாட்டில் நின்றபடி வாசல் பக்கம் திரும்பி, "இவங்க வீட்டுக்காரர் இருக்காரா? கூப்பிடுங்க" என்பார். வீட்டுக்காரர் வந்து நிற்பார். "தண்ணி எவ்வளவு குடிக்கிறாங்க?" என்று அவரிடம் கேட்பார். குடித்த நான் அங்கேயே கையில் இரண்டு ஊசியோடு படுத்திருப்பேன்.

ஒரு தடவை நானே வாயைத் திறந்தேன். "டாக்டர், நேத்து ராத்திரி காலு ரெண்டும்..." என்று ஆரம்பித்ததுமே அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க பேசாதீங்கம்மா, பி.பி. ஏறும். சார் சொல்லட்டும்." சார் சொன்னார். கால் வலியை முதுகு வலி என்று சொன்னார். அதற்கு மாத்திரையும் எழுதினார்கள். என் காலுக்கு அந்த முதுகு மாத்திரையால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

எங்களுக்குச் சிவகாசி. அவருக்கு பிரஸ். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், அது ஓய்ந்ததும் காலண்டர். பி.பி.யில் கிட்னி போனது என்று தெரிந்தபோது டயாலிசிஸை விருதுநகரில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது அவர்தான். சிவகாசியிலேயே செய்ய வசதி இருந்தது. "இங்கன போனா அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிரும். பொம்பளப்பிள்ள கல்யாணத்துக்கு நிக்குது" என்றார். சரி என்று வாரத்தில் மூன்று நாள் காரில் விருதுநகர் போனோம். போன முதல் நாளே பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தது யார் தெரியுமா? எங்கள் பிரஸ்ஸுக்குப் பேப்பர் போடும் அண்ணாச்சி. விருதுநகரில் பெரிய கடை. என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர். "அடடே, வாங்க வாங்க" என்று படுக்கையிலிருந்தே கும்பிட்டார். என் வீட்டுக்காரர் முகம் செத்துப் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். அந்த ஹாலில் எனக்கு வந்த சிரிப்பெல்லாம் அநேகமாக அது ஒன்றுதான்.

ஹாலில் கட்டில்கள் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மெஷின். திரை என்று ஒன்று கம்பியில் தொங்கும், யாரும் இழுத்து விடமாட்டார்கள். இழுத்து விட்டால் டெக்னீசியனுக்கு மெஷின் தெரியாதாம். ஆகவே நான்கு மணி நேரமும் பேப்பர் அண்ணாச்சி என்னையும், நான் அவரையும் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் பாட்டை நான் பேசியிருப்பேன்.

டயாலிசிஸ் ஆரம்பித்துக் கொஞ்ச காலத்தில் எனக்கு மாதவிலக்கு தாறுமாறாகப் போக ஆரம்பித்தது. வந்தால் நிற்காது. எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க ஒவ்வொரு தடவையும் ஹெப்பாரின் என்று ஒரு மருந்து ஏற்றுவார்கள். ரத்தத்தை இளக்கி வைக்கும் மருந்து. அந்த நாட்களில் அதை ஏற்றிக்கொண்டு வந்தால் வீட்டுக்கு வருகிற வழியில் கார் சீட்டில் பழைய சேலையை மடித்துப் போட்டு உட்கார வேண்டியிருக்கும். மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கே தோன்றியது. அதற்கு டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

"டாக்டர்ட்ட சொல்லுங்க" என்றேன் அவரிடம்.

"என்னத்தச் சொல்ல?"

"எனக்கு அந்த மூணு நாளு ரொம்பப் போகுதுன்னு சொல்லுங்க. அந்த ஊசிய அன்னைக்கு மட்டும் குறைக்கலாமான்னு கேளுங்க."

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி, "சரி, சரி" என்றார். அடுத்த முறை திரும்பி வரும்போது, "சொல்லிட்டீகளா?" என்று கேட்டேன். "ம்" என்றார். "அதுக்கு டாக்டர் என்ன சொன்னாரு?" "அப்படித்தான் இருக்குமாம்." அதோடு ரேடியோவைத் திருகினார். டாக்டரே அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன செய்ய? பொம்பளையாய்ப் பிறந்ததற்கு இதுவும் சேர்த்தி என்று இருந்துவிட்டேன்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரஸ்ஸும் வீடும் ஒரே கட்டிடம். கீழே மெஷின், மேலே நாங்கள். தினமும் காலையில் பூஜை ரூமில் நான் விளக்கேற்றி, அந்த விபூதித் தட்டைக் கீழே கொடுத்து விட்டால்தான் மெஷின் ஓடும். என்னால் பூஜை ரூமுக்குள் போக முடியாத நாட்களில் அவர்தான் ஏற்றுவார். நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. குளித்துவிட்டு வரும்போது நான் சமையல்கட்டில் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் வேட்டியை மாற்றிக்கொண்டு திரியைத் தேடுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். என் நாள் கணக்கு எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் ஹாலிலேயே எனக்குத் தாங்கவில்லை. ஊசி குத்துவதற்கு முன்னால் டெக்னீசியனை மெதுவாகக் கூப்பிட்டேன். கல்யாணமாகிக் குழந்தை இருக்கிற ஆள். நல்ல பிள்ளை. "தம்பி, லேடி ஸ்டாஃப் யாரும் இல்லையா?"

"இந்த ஷிஃப்ட்ல இல்லம்மா. என்ன வேணும், சொல்லுங்க."

நான் முழித்தேன். பக்கத்துக் கட்டில் பேப்பர் அண்ணாச்சி அக்கறையாகத் தலையைத் தூக்கி, "என்னம்மா செய்யுது? மயக்கமா வருதா? தம்பி, அவுகளுக்கு என்னன்னு பாரு" என்றார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றேன்.

டெக்னீசியனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. காது சிவந்தது. "இருங்கம்மா, சாரக் கேட்டுட்டு வந்துர்றேன்" என்று வெளியே போனான். என் உடம்பில் என்ன நடக்கிறது என்று, அதே உடம்போடு அவன் முன்னால் படுத்திருக்கிற என்னிடம் கேட்காமல், வராண்டாவில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடம் கேட்கப் போனான். அதுதான் அங்கே நடைமுறை. பொம்பளை விஷயம் என்றால் கூட வந்த ஆம்பளை மூலமாகக் கேட்க வேண்டும். மரியாதையாம். போன வேகத்தில் திரும்பி வந்தான். முகத்தில் பெரிய நிம்மதி. "சரிம்மா, கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு எப்போதும்போல ஊசியைக் குத்தி, எப்போதும்போல மருந்தை முழுசாக ஏற்றினான். அவர் சொல்லியும் குறைக்கவில்லை, குறைக்கக்கூடாது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ரத்தம் குறைந்துகொண்டே போனது. படியேற முடியவில்லை. சோறு தொண்டையில் நின்றது. ரத்தம் கூடுவதற்கு என்று ஊசி போட்டார்கள், போதவில்லை. பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு மறுபடி ஏற்றினார்கள். ரத்த வங்கியில் ஒரு பாட்டில் எடுத்தால் பதிலுக்கு ஆள் விட்டு ஒரு பாட்டில் கொடுக்க வேண்டும். அந்த வேலையில் என் வீட்டுக்காரரை யாரும் குறை சொல்ல முடியாது. பிரஸ்ஸில் லோடு ஏற்றுகிறவர்கள், கட்டிங் மெஷின்காரர்கள், விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் தெரிந்தவர்கள் என்று ஆள் மாற்றி ஆள் வேனில் அனுப்பினார். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிற சீசனில்கூட மெஷினை நிறுத்தி ஆள் விட்டார். "எம்புட்டு பாட்டில் வேணும்னாலும் சொல்லுங்க டாக்டர், நான் ஏற்பாடு பண்றேன்" என்று அவர் சொன்னபோது டாக்டர் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இதற்கிடையில்தான் எனக்குக் கிட்னி கொடுக்க என் அக்கா கிளம்பினாள். சாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். பரிசோதனை செய்து பார்த்ததில் அவளுக்கும் எனக்கும் ஒரே ரத்த குரூப். வீட்டுக்காரருக்குச் சேரவில்லை. அது உண்மைதான், அதில் நான் குறை சொல்லமாட்டேன். "நான் தாரேன் ஒண்ணு" என்று அக்கா சொன்னது பெரிதில்லை. அத்தானைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிது. டாக்டர் அத்தானை வரச் சொல்லித்தான் விளக்கினார். அத்தான் அவர் அண்ணன் தம்பிகளிடம் கேட்டார். அவர்கள் மருமகனிடம் கேட்கச் சொன்னார்கள். அக்காவின் கிட்னிக்கு அக்காவைத் தவிர எல்லோரும் சொந்தக்காரர்களாக இருந்தார்கள். அவள் கடைசியில் சோறு பொங்குவதை நிறுத்தினாள். "நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் ஓட்டல்ல வாங்கித் தின்னுக்கோங்க" என்றாள். ஒரு வாரம் தாக்குப்பிடித்தார் அத்தான். பிறகு கையெழுத்துப் போட்டார். எங்கள் குடும்பத்தில் ஒரு பொம்பளை ஜெயித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஜெயித்த கையோடு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு என்னைப் பார்க்க வந்தாள். குங்குமத்தை நெற்றியில் பூசிவிட்டு, "ஏட்டி, கண்ணுக்கு நேர்ந்துக்கிட்டா வெள்ளியில கண்மலரு வாங்கிப் போடலாம், காலுக்குன்னா காலு இருக்கு. கிட்னிக்கு உருவம் வேணும்னு கேட்டா கடைக்காரன் முழிக்கான். கடைசியில வயித்த வாங்கிப் போட்டுட்டு வந்தேன். ஆத்தாவுக்கு உள்ள இருக்கறது தெரியாமலா இருக்கும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஆபரேஷன் முடிந்ததும் முதல் வேலையாக ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடிக்கப் போகிறேன் என்றேன். தண்ணீரை அளந்து குடிக்கிற டயாலிசிஸ்காரிக்கு அதைவிடப் பெரிய ஆசை கிடையாது. "குடி, நான் மோந்து தாரேன்" என்றாள்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் பொருத்தம் பார்க்க இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள்.

அந்த இடைவெளியில் எங்கள் டாக்டர் லீவில் போக, பதிலுக்கு ஒரு பெண் டாக்டர் வந்தார். சின்ன வயது. நேராக என் தலைமாட்டுக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் என் வீட்டுக்காரர் உள்ளே வந்து நின்றார். "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க சார், நான் அம்மாகிட்ட பேசணும்" என்றார். அவர் போகாமல் நின்றார். "நான்தான் சொல்லுவேன் எப்பயும்" என்றார். "இன்னைக்கு அவங்க சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுந்து திரையைச் சர்ரென்று இழுத்து விட்டார். அந்தத் திரை கிழிசலோடு இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இவ்வளவு ரத்தம் ஏத்தியும் உடம்புல ஏன் நிக்க மாட்டேங்குது? உங்களுக்குப் பீரியட்ஸ் எப்படி இருக்கு?"

ஒரு கேள்வி. அந்த ஹாலுக்கு நான் வர ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. ஒரு டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இப்பவும் போய்க்கிட்டுத்தான் இருக்கு டாக்டர். இன்னைக்கு அஞ்சாவது நாளு" என்றேன்.

அவர் திரையை லேசாக விலக்கி டெக்னீசியனைக் கூப்பிட்டார். "இவங்களுக்கு ஹெப்பாரின் முழுசாவா போகுது? பீரியட்ஸ் இருக்குன்னு தெரியாதா?"

டெக்னீசியன் என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தான். "மேடம், அதெல்லாம் நின்னுபோச்சுன்னு சார் சொன்னாரே. ஆரம்பத்துலயே பெரிய டாக்டர்ட்டயும் அப்படித்தான் சொன்னாரு. நான் நடுவுல ஒரு தடவ கேட்டப்பவும் நின்னுபோச்சுன்னுதான் சொன்னாரு."

டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மருந்தைக் குறைத்திருக்கலாம், சில நாள் இல்லாமலேகூட ஓட்டியிருக்கலாம், போக்கை நிறுத்த மாத்திரை இருக்கிறது, முதல் மாதமே மகப்பேறு டாக்டரிடம் அனுப்பியிருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் 'லாம்' போட்ட சமாச்சாரம். திரைக்கு அந்தப் பக்கம் பேப்பர் அண்ணாச்சி தொண்டையைக்கூடச் செருமவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டிருப்பார். எனக்கு அதைப் பற்றி இப்போது ஒரு கவலையும் இல்லாதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கார் திருத்தங்கல் தாண்டியது. பிறகு கேட்டேன். "எனக்கு எப்பங்க நின்னுச்சு?"

அவர் ரேடியோவுக்குக் கையை நீட்டினார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? கேக்கேன்ல."

"நாலு பேரு இருக்கிற இடத்துல என்னத்தச் சொல்ல? மொத நாளு அந்த டாக்டர் படக்குனு கேட்டாரு. பக்கத்துல பேப்பர் அண்ணாச்சி மகன் நிக்கான். நின்னுபோச்சுன்னு சொன்னா பேச்சு முடிஞ்சிரும்னு சொன்னேன். அப்புறம் மாத்திச் சொன்னா, பொண்டாட்டிக்கு இருக்கா இல்லையான்னுகூடத் தெரியாதவன்னு நினைப்பாகள்ல?"

"அன்னைக்குக் காலையில விளக்கேத்துனது யாரு?"

கார் கொஞ்சம் தடுமாறியது. நான் விடவில்லை. "அந்தப் பய ரெண்டாவது தடவ வராண்டாவுல வந்து கேட்டானே, அன்னைக்கு விளக்கேத்துனது யாரு? சாமிக்குத் தீட்டுப் பட்டுறக்கூடாதுன்னு என்னய ஒதுக்கி வச்சிட்டு நீங்கதான ஏத்துனீக? சாமிகிட்ட இருக்குன்னுட்டு டாக்டர்கிட்ட இல்லன்னீகளாக்கும்?"

அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஒழுங்காக ஓட்டச் சொன்னேன்.

மதுரையிலிருந்து முடிவு வந்தது. நானும் அவரும் அக்காவும் போய் உட்கார்ந்தோம். அந்த மதுரை டாக்டரும் அவரைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். "சார், குரூப் சரியா இருக்கு. ஆனா இவங்க ரத்தத்துல எதிர்ப்பு ரொம்ப அதிகமா இருக்கு. அக்காவோட கிட்னிய வச்சா இவங்க உடம்பு உடனே அழிச்சிரும்."

"என்னப் பாத்துச் சொல்லுங்க டாக்டர்" என்றேன். அறையில் எல்லோரும் திடுக்கிட்டார்கள். "என்னோட ரத்தம். எனக்குச் சொல்லுங்க. அந்த எதிர்ப்பு எங்கிருந்து வந்துச்சு?"

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னார். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொஞ்சம் இருக்கும். அதற்கு மேல் அடுத்தவர் ரத்தம் ஏற ஏற, உடம்பு அந்நியமானதை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். "உங்களுக்கு நிறையவே ஏத்தியிருக்காங்க. ஆனா அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது" என்றார்.

என் வீட்டுக்காரர் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வாழ்கிறார். யார் வந்து விசாரித்தாலும், "அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாதாம்" என்று முந்திக்கொண்டு சொல்வார். காரணம் எது என்று அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அக்கா அறைக்கு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தன் இடுப்பைத் தடவிக்கொண்டு, "ஒனக்குன்னு எடுத்து வச்சது, இங்கனயே கெடக்கட்டும்னுட்டாகளேட்டி" என்று அழுதாள். எதிர்ப்பைக் குறைக்க வைத்தியம் உண்டு, உறுதி கிடையாது என்றார்கள். அதையும் செய்து பார்த்தோம். குறையவில்லை.

பேப்பர் அண்ணாச்சிக்கு அவர் மனைவி கிட்னி கொடுத்தார். அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சியிடம் டாக்டர் தலைமாட்டில் நின்று எல்லாம் விளக்கினார். அந்த அம்மா கால்மாட்டில் நின்று தலையாட்டினார். அது சம்மதமா, காது கேட்கிறது என்பதற்கு அடையாளமா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இப்போது அவர் கடையில் உட்கார்ந்து இளநீர் குடிக்கிறாராம். குடிக்கட்டும். எனக்கு அவர்மேல் கோபமில்லை. அந்த அம்மாவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நான் இன்னும் விருதுநகர் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். பழைய டாக்டர்தான். போன மாதம் ரவுண்ட்ஸில் கால்மாட்டில் நின்று, வழக்கம்போல வாசலைப் பார்த்து, "சார், இவங்களுக்கு இப்ப பீரியட்ஸ் பிரச்சினை எப்படி?" என்றார். ஒரு முன்னேற்றம், இப்போது கேட்கிறார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"இங்கன பாருங்க டாக்டர்" என்றேன். ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "அது நின்னு ஆறு மாசமாச்சு. இப்பத்தான் நின்னுச்சு."

யாரோ ஒரு புது ஆள் பக்கத்துக் கட்டிலில் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டார். டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலின் தலைமாட்டுக்குப் போனார்.

ரத்தம் இப்போது குறைவதில்லை. பாட்டில் ஏற்ற வேண்டிய தேவையே வருவதில்லை. அவர் அன்றைக்குச் சொன்னது கடைசியில் உண்மையாகிவிட்டது. பூஜை ரூமில் மாதம் முழுக்க நானேதான் விளக்கேற்றுகிறேன். அவருக்கு அந்த வேலை மிச்சம்.